கிராணியார்

மனிதன் தாய் வயிற்றிலிருந்து பிறக்கிறான் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள், மலேசியாவின் கேமரன் மலைக்கு வந்து, தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வீற்றிருக்கும் குமாஸ்தாவான கிராணியாரை ஒருமுறை தரிசித்துவிட்டுப் போகவேண்டும். கடப்பிதழ், பெர்மிட், போமேமா மருத்துவச் சான்று, சொக்சோ காப்புறுதி எண், பேங்குக் கணக்கு ஆகிய ஐந்தும் ஒரே பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் உரைக்கும் சுபமுகூர்த்தத்திலேதான் ஒரு ஜீவன் ஜனிக்கிறது என்பது அவர் சித்தாந்தம். அதற்கு முன்பு அந்த ஜீவன் கொழுந்து வெட்டியதும், மூட்டை சுமந்ததும், தானா ராத்தாவின் பனியில் பல் கிட்டியதும் எல்லாம் வெறும் மாயை.

1929-இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், கங்காணி சொன்னதே பெயர், செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டில் ஏறியதே ஜாதகம் என்றிருந்திருக்கும். இப்போது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் நேபாளத்தாரும், வங்காளதேசத்தாரும், இந்தோனேசியரும். வங்காளதேசத்தார் கடப்பிதழில் முகம்மது என்பது சுருங்கி எம்.டி. என்று நிற்கக் கண்டு, "மேனேஜிங் டைரக்டரே கொழுந்து வெட்ட வந்துட்டாரா?" என்று கேட்டுத் தாமே சிரித்துக்கொள்வது, புதிய கோஷ்டி வந்திறங்கும்போதெல்லாம் கிராணியார் தவறாது நடத்தும் வைபவம். அவர்களில் பலரும் ஜனவரி முதல் தேதியிலேயே பிறந்திருப்பதைப் பற்றி மட்டும் அவருக்கு யாதொரு சந்தேகமும் எழுந்ததில்லை, காகிதம் சொல்லுகிறதே!

தமிழ்நாட்டிலிருந்து ஒருவன் வந்துவிட்டாலோ சங்கடம் முற்றிவிடும். குடும்பப் பெயர் இல்லாத நம்மவர்க்கு, கடப்பிதழில் அதற்கான கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதிவிடுகிறார்களல்லவா? சம்பளத்தன்று கிராணியார், "கருப்பையா!" என்று கம்பீரமாக விளிக்கிறார். ஒருவரும் அசையவில்லை. மூன்றாம் விளிக்கு முருகேசன் தயங்கி முன்வந்து, "ஐயா, அது எங்கப்பா பேரு. அவரு தவறிப் பத்து வருசமாச்சுங்க" என்கிறான்.

"இருக்கட்டும் தம்பி. பேங்குக் கணக்குப்படி அவருதான் வேலை பாக்குறாரு. சம்பளம் அவருக்குத்தான்."

கடப்பிதழ்களைத் தம் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டுமென்பது அவருடைய நெடுநாளைய ஆசை. 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம் என்று யாரோ சொன்னது முதல், நகல்களை வைத்துப் பூட்டித் திருப்தியடைகிறார். 2025 அக்டோபர்ச் சம்பளம் தொடங்கி, அந்நியத் தொழிலாளியிடம் நூற்றுக்கு 2 பங்கும், முதலாளியிடம் 2 பங்கும் ஊழியர் சேமநிதிக்கென்று பிடிக்கவேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, புதிதாக ஒரு பத்தி கிடைத்த ஆனந்தத்தில் அவர் பகற்சாப்பாட்டையும் மறந்தாராம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் இரண்டு பங்கு 34 ரிங்கிட் என்பதை, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இவ்வளவு காகித பக்தி ஒரு மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்கள், அவர் தகப்பனாரின் கதையைக் கேட்கவேண்டும். குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யலாகாது என்ற சட்டம் 1969-இல் அமலுக்கு வந்தபோது, ஆயுள் முழுவதும் தோட்டத்தில் உழைத்த பல்லாயிரம் தமிழர்கள், கையில் சிவப்பு அடையாள அட்டையோடு கப்பலேறினார்கள். பிறந்த பத்திரம் ஒன்று அகப்படாத காரணத்தால் தாமும் அந்த வரிசையில் நிற்க நேர்ந்த தகப்பனார், யாரோ ஒரு பழைய கிராணி தேடியெடுத்துக் கொடுத்த துண்டுக் காகிதத்தால் தப்பித்தவர். ஆகையால் நம் கிராணியார், முருகேசனின் பெயரைத் திருத்துவதற்கென்று தம் லீவு நாளில், தம் கைக்காசில் பஸ்ஸேறி மலையிறங்கிப் போய் வருகிறார்; போய் வந்ததற்கு ரசீது வாங்கி அதையும் பைலில் சேர்த்துவிடுகிறார்.

இம்மலைக்கு உத்தியோகம் தேடி வர உத்தேசித்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கொழுந்து வெட்டத் தெரியாவிட்டால் பாதகமில்லை, ஒரு வாரத்தில் பழகிவிடும். உங்கள் தகப்பனார் பெயர் கடப்பிதழில் எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மாத்திரம் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.