சாம்பாரில் விழுந்த ஸ்டார்

பட்டம் கொடுப்பதில் தஞ்சாவூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பெரிய கோயில் கட்டிய தச்சருக்கு ராஜராஜன் தன் பெயரையே சேர்த்துக் கொடுத்தான்: குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். ஆயிரம் வருஷமாகக் கல்வெட்டில் உதிராமல் இருக்கிறது. எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நான் ஒட்டிவிடும் ஸ்டார் ஸ்டிக்கரோ, மத்தியானச் சத்துணவு நேரத்தில் சாம்பாரில் விழுந்துவிடுகிறது.

வீடியோ கேம் மாதிரி பாயின்ட், பேட்ஜ், லெவல் வைத்தால் பிள்ளைகள் தானாகப் படிப்பார்கள் என்பது இப்போதைய பேச்சு. வைத்தேன். வாய்ப்பாடு ஒப்பித்தால் ஒரு ஸ்டார், பத்து சேர்ந்தால் பென்சில். வாய்ப்பாடு வந்ததோ இல்லையோ, வியாபாரம் வந்துவிட்டது. ஒரு ஸ்டாருக்கு நாலு கொடுக்காப்புளி. பரீட்சை நெருங்கினால் ஆறு. நம்மூர் நெல்லுக்கு எந்தக் கொள்முதல் நிலையத்திலும் விலை இப்படி ஏறியதில்லை. சும்மாவே கதைப் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், "இதப் படிச்சா எத்தன ஸ்டார் டீச்சர்?" என்றாள்.

1973-ல் அமெரிக்காவில் உளவியலாளர் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் இதைத்தான் சோதித்தார்கள். படம் வரையும் ஆசையுள்ள மழலையர் சிலரிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அவர்களுக்குத்தான் ஆசை குறைந்திருந்தது. சொல்லாமல் கொடுக்கப்பட்டவர்களுக்குக் குறையவில்லை.

அசல் வீடியோ கேம் நம்மிடமே இருந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது தொடங்கி, 2007-ல் தமிழ்நாடு முழுக்க வந்த செயல்வழிக் கற்றல். சுவரில் ஏணிப்படி, தட்டில் அட்டைகள், அட்டைக்கு அட்டை ஒரு சின்னம். ஒன்றை முடித்தால் அடுத்த படி. குறுவை நடவுக்கு அம்மா போய்விட, தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பிள்ளை, பத்து நாள் கழித்து வந்தாலும் விட்ட அட்டையிலிருந்தே எடுக்கலாம். "பாடம் போயிடுச்சு போ" என்று சொல்ல ஆளில்லை. பாயில் பிள்ளைகளோடு நாங்களும் தரையில் உட்கார்ந்ததில் முட்டி போனதைத் தவிர, எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை.

பிறகு 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பெயர் அழகுதான்; விவசாயி வீட்டில் சொல்லும்போதுதான் வம்பு. "உங்க பையன் அரும்புல இருக்கான்" என்றேன். அவன் அப்பா முகம் வாடிவிட்டது. "போன தடவையும் அரும்புன்னுதானே சொன்னீங்க டீச்சர்? பூச்சி கீச்சி விழுந்திருக்குமோ?"

கல்வித்துறைப் பெரியவர்களே, ஸ்டிக்கருக்கு நிதி ஒதுக்க வேண்டாம். அதைக் கடைத்தெருவில் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். லீவு போட்ட பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடங்க வழி வையுங்கள். எங்கள் பள்ளி ஏணிப்படி இன்னும் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, கறையான் அரிக்கவில்லை.