நெல் மூட்டையும் முன் ஃபோர்க்கும்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் செஞ்சி ராஜகிரி அடிவாரத்தில் பைக்குகள் வரிசையாக நிற்கின்றன. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வருகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது எங்கள் செஞ்சிக் கோட்டை ஒன்றுதான். அதைப் பார்க்க வருகிற வண்டிகளில் என் கண் முதலில் போவது முன் ஃபோர்க்கின் மேல். தங்க நிறக் குழாய், தடித்த டயர், பெரிய டிஸ்க் எல்லாம் இருக்கும். கிட்டே போனால் சில வண்டிகளில் ஆயில் சீல் போய், ஃபோர்க் ராடில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கும். இவ்வளவு செலவு செய்த பிள்ளை இதைப் பார்க்காமல் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறானே என்று நெஞ்சு பதறும்.

தொண்ணூறுகளில் சித்தப்பாவிடம் ஒரு புல்லட் இருந்தது. 1950களிலிருந்து திருவொற்றியூரில் தயாராகி வந்த வரிசையைச் சேர்ந்தது. அதில் அவர் ஏற்றாத பாரம் கிடையாது. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் பின்சீட்டில் நெல் மூட்டையே போகும். பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரத்தின் மேல் எடை குறையும். ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவே போகும் திருவண்ணாமலை சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், ஹேண்டில் இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். “தலையை ஆட்டுதுடா” என்பார். அப்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, பிரேக்கை மிதிக்கவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, வண்டி தானாக அடங்கும் வரை பொறுக்க வேண்டும். சாலையில் பாதியை உலர்த்திய நெல் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் அதற்குத் தனி நிதானம் வேண்டியிருந்தது.

மறுநாளே வண்டி மெக்கானிக் பாய் கடைக்குப் போய்விடும். அவர் செய்ததை இன்றைக்கும் என்னால் படிப்படியாகச் சொல்ல முடியும். நடு ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குவார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் இழுப்பார். ‘டொக்’ என்று சத்தம் வந்தால் ஹேண்டில் தண்டைத் தாங்கும் கோன் செட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தம் வராவிட்டாலும் விடமாட்டார். “தம்பி, ஒரே விரலால ஹேண்டிலைத் திருப்பு, மெதுவா” என்பார். திருப்புவேன். நேராக வரும் இடத்தில் ஹேண்டில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி விரலுக்குத் தெரியும்.

அந்தப் பள்ளம் நிஜமானது. ஹேண்டில் தண்டின் மேலும் கீழும் கிண்ணங்களில் பால்ரஸ் குண்டுகள் உட்கார்ந்திருக்கும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ஒவ்வொரு குழியின் அடியும் குண்டுகள் வழியாகக் கிண்ணத்தின் ஒரே இடத்தில் விழுகிறது. வருஷக்கணக்கில் அங்கே தழும்பு விழுந்துவிடும். இரண்டு சக்கர வண்டி நேராகப் போவதே கண்ணுக்குத் தெரியாத சின்னத் திருத்தங்களால்தான். ஹேண்டில் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் அந்தத் திருத்தம் தாமதமாகும், வண்டி சாலையில் பாம்பாக நெளியும். தளர்ந்தால் ஆட்டம், மிகையாக இறுக்கினால் நெளிவு. முன்சக்கரம் தூக்கியிருக்கும்போது லேசாகத் தொட்டால் ஹேண்டில் தன் எடையிலேயே இரண்டு பக்கமும் விழ வேண்டும். பாயின் அளவு அதுதான்.

அப்புறம் ஃபோர்க் ஆயில். பழைய ஆயிலைச் சட்டியில் இறக்கினால் கறுத்துத் தண்ணீராக ஓடும். ஸ்பிரிங் அடியை வாங்குகிறது. வாங்கியதைத் திருப்பி உதைக்காமல் தடுப்பது, சின்னத் துளைகள் வழியே சிரமப்பட்டு நகரும் ஆயில். ஹைட்ராலிக் தணிப்பு கொண்ட டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை 1935இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து சங்கதி இவ்வளவுதான். ஆயில் நீர்த்துப்போனால் ஒரு குழியில் இறங்கிய சக்கரம் நிதானத்துக்கு வருவதற்குள் அடுத்த குழி வந்துவிடும்.

அந்த புல்லட் இப்போது அக்கா மகனிடம் இருக்கிறது. நான் பார்த்து அவனுக்குச் செய்யச் சொன்னவை எல்லாம் முன்பக்கத்தில் தொடங்கியவை. பால்ரஸ் குண்டுகளுக்குப் பதில் டேப்பர் ரோலர் பேரிங் போட்டோம். குண்டு ஒரு புள்ளியில் தாங்குகிற பாரத்தை உருளை ஒரு கோடு முழுக்கத் தாங்குவதால் தழும்பு விழ நாளாகும். ஃபோர்க்கில் அழுந்த அழுந்த இறுகும் புரோகிரசிவ் ஸ்பிரிங், கொஞ்சம் கனமான ஆயில். ஃபோர்க் ராடில் ஒரு சின்ன ஜிப் டையைக் கட்டி, அவனை ஏறி உட்காரச் சொல்லி, எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தோம். மொத்த ஓட்டத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே இருந்தால் சரி.

அவனுக்கு ஆசை வேறு. வேறொரு வண்டியின் தலைகீழ் ஃபோர்க்கைக் கழற்றி இதில் மாட்டலாம் என்றான். மறுத்துவிட்டேன். ஃபோர்க்கின் நீளம் ஒரு விரல்கடை மாறினாலே ஹேண்டில் தண்டின் சாய்வு மாறும். தண்டின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளியும் மாறும். அந்த இடைவெளிதான் முன்சக்கரத்தை நேராக இழுத்து வைப்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து விலகும் இத்தகைய மாற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறது. பிரேக்கும் அப்படித்தான்: மெல்லிய பழைய ஃபோர்க்கில் ஒரு பக்கம் மட்டும் வலுவான டிஸ்க் பொருத்தினால் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க்கே முறுக்கிக்கொள்ளும். கம்பெனிக்காரர்கள் இதை அறிந்தவர்கள். 2021இல் வந்த புதிய கிளாசிக் 350இல் முன் டிஸ்க்கை 280இலிருந்து 300 மில்லிமீட்டர் ஆக்கியபோது, ஃபோர்க் குழாயையும் 35இலிருந்து 41 மில்லிமீட்டராகத் தடிக்க வைத்தார்கள். சட்டகமும் புதிது. எல்லாம் சேர்ந்து மாறியதால்தான் அந்த வண்டி வளைவில் அவ்வளவு உறுதியாக நிற்கிறது.

குழியும் நெல்லும் கிடந்த சாலையில், மெதுவாக ஓடிய காலத்தில் முன்பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். சாலை அகலமாகி, வேகம் கூடியிருக்கிற இப்போது சர்வீஸுக்கு விட்ட வண்டியில் அந்த ‘டொக்’கை யாரும் தேடுவதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். இன்ஜின் வேலைக்குச் சேர்த்து வைக்கும் பணத்தில் முதல் பங்கு பேரிங்குக்கும் ஆயிலுக்கும் நல்ல முன் டயருக்கும் போக வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்கிறேன்.

அக்கா மகன் வண்டியில் பின்பக்கம் இன்னும் பாக்கி. கேஸ் ஷாக் வாங்கிவிட்டான். அதை மாட்டுவதற்கு முன் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷை மாற்றியாக வேண்டும். பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டியபோது கையில் ஆட்டம் தெரிந்தது. புஷ் போட்டு, நூல் பிடித்து இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தபிறகுதான் கார்புரேட்டர் பக்கம் கை வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். “சரி மாமா, இந்த வாரமே முடிச்சிடறேன்” என்றிருக்கிறான்.