ஆர்க்கிடெக்ட்

சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூரைத் தாண்டிச் சிறுசேரி வரையில் கண்ணாடியைத் தவிர வேறொன்றையும் நம்பாமல் எழுப்பப்பட்டிருக்கும் மாளிகைகளில் ஏதேனும் ஒன்றின் ஏழாம் மாடிக்குச் சென்று, அங்கே வெள்ளைப் பலகைக்கு எதிரே, மூடி கழற்றிய பேனாவும் கையுமாக, ஓர் எழுத்தும் எழுதாமல் நின்றுகொண்டிருக்கும் மனிதர் யார் என்று விசாரித்தால், "அவர்தான் எங்க ஆர்க்கிடெக்ட்" என்ற பதில் சற்றே தாழ்ந்த குரலில் கிடைக்கும். கல்லும் சுண்ணாம்பும் அவர் தொட்டறியாதவை. நிரல் எழுதுவதையும் அவர் விட்டு வெகுகாலம் ஆகிறது. புதிதாகத் தொடங்கும் வேலைக்கு எந்த ஃபிரேம்வொர்க் என்று நிர்ணயம் செய்வதே இப்போது அவருடைய உத்தியோகம். நிர்ணயம் செய்வது என்று சொன்னதில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்; நிர்ணயம் செய்துகொண்டிருப்பது என்பதே சரி.

லாகின் செய்தவர் யார் என்று பார்ப்பது, தரவுத்தளத்தோடு பேசுவது, படிவத்தில் தப்பும் தவறுமாக நிரப்பியதைத் திருப்பியனுப்புவது, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று வழிகாட்டுவது ஆகிய நித்திய கருமங்களை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக்கொண்டு சிரமப்படாதிருக்கும் பொருட்டு, யாரோ புண்ணியவான்கள் முன்கூட்டியே எழுதித் தொகுத்து வைத்திருக்கும் மென்பொருளுக்குத்தான் ஃபிரேம்வொர்க் என்று பெயர். காலத்தை மிச்சப்படுத்தவே அது பிறந்தது. மிச்சமான காலம் முழுவதும் அவற்றுள் எது சிறந்தது என்ற விசாரணையில் செலவாகிவிடும் என்பதை அதைப் படைத்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பாரிமுனைப் பக்கத்து மருந்து மொத்த வணிகர் ஒருவருக்கு மூன்று செயலிகள் வேண்டியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: குடோன் இருப்புக்கு ஒன்று, ஊர் ஊராகச் சுற்றி ஆர்டர் எடுக்கும் பிரதிநிதிகளுக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று. மூன்றையும் உபயோகிக்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து உட்கார்ந்தாலும் கல்யாண வீட்டில் ஒரு பந்தி நிரம்பாது. ஆனால் ஆர்க்கிடெக்ட் ஆகாசத்தைப் பார்த்து, "நாளைக்கு ஒரு கோடி யூசர் வந்தா?" என்று கேட்பார். வணிகரே ஒருபோதும் காணத் துணியாத அந்தக் கனவை அவர் சார்பில் இவர் கண்டு, மூன்று செயலிகளைப் மைக்ரோசர்வீஸ் எனப்படும், தனித்தனியே ஓடும் பதினெட்டுக் குட்டிச் சேவைகளாகப் பலகையில் சதுரம் சதுரமாகப் பிரித்து, அவற்றுக்கிடையே அம்புக்குறிகளைப் போட்டுக்கொண்டே போய், கடைசி அம்புக்குப் பலகையில் இடமில்லாமல் சுவரைப் பார்ப்பார்.

அவருடைய பாண்டித்தியத்தைக் குறைத்துச் சொல்வது பாவம். ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கின் வம்சாவளியும் அவருக்கு மனப்பாடம். ஜாங்கோ என்பது கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில், கெடுவுக்குள் பக்கங்களைக் கட்டி முடிக்கும் அவசரத்தில் உருவாகி 2005-இல் உலகுக்கு வழங்கப்பட்டது என்பதையும், அதன் பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார் மேதையினுடையது என்பதையும், ரூபி ஆன் ரெயில்ஸ் என்பது பேஸ்கேம்ப் என்னும் செயலியிலிருந்து டேவிட் ஹைனமையர் ஹான்ஸன் பிரித்தெடுத்து 2004-இல் வெளியிட்டது என்பதையும், ஃபிளாஸ்க் என்பது 2010-ஆம் வருஷத்து முட்டாள்கள் தினத்தில் ஆர்மின் ரோனகர் விளையாட்டாகச் செய்த ஒன்றிலிருந்து முளைத்தது என்பதையும் அவர் விவரிக்கையில், கேட்பவர்களுக்குக் காப்பி ஆறுவது தெரியாது. அவசரத்திலும் விளையாட்டிலும் பிறந்த இவையெல்லாம் இத்தனை காலம் உழைத்துவருகின்றன. இவருடைய நிதானத்திலிருந்து இன்னும் ஒரு லாகின் பக்கம்கூடப் பிறக்கவில்லை.

விசாரணையின் ஜீவநாடி ஓர் எக்ஸெல் தாள். குறுக்கே ஃபிரேம்வொர்க்குகளின் பெயர்கள், நெடுக்கே வேகம், பாதுகாப்பு, கிட்ஹப் தளத்தில் ரசிகர்கள் இட்ட நட்சத்திரங்கள், ஆள் கிடைக்கும் சௌகரியம் முதலிய குணங்கள், ஒவ்வொரு குணத்துக்கும் இத்தனை வெயிட்டேஜ் என்று பாரபட்சத்துக்குச் சற்றும் இடம் வைக்காத ஏற்பாடு. முதல் தடவை கூட்டிப் பார்த்தபோது ஜாங்கோ ஜெயித்தது. அதில் ஏதோ பிசகு இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. ஜாங்கோவின் பேரில் அவருக்கு விரோதமில்லை; ஆனால் தெரிந்ததையே மறுபடி தெரிந்துகொண்டதாகப் பயோடேட்டாவில் எழுத முடியுமா? நட்சத்திரங்களுக்கான வெயிட்டேஜ் சற்று உயர்ந்தது, ஆள் கிடைப்பதற்கானது சற்று இறங்கியது, அவர் மனத்துக்குள் ஏற்கெனவே வரித்திருந்த ஜாவாஸ்கிரிப்ட் புதுவரவு முதலிடத்துக்கு வந்தது, கணிதத்தின் பேரில் அவருக்கிருந்த நம்பிக்கையும் மீண்டது. (அந்தப் புதுவரவின் பெயரை நான் குறிப்பிடவில்லை, இது அச்சேறுவதற்குள் அவர் வேறொன்றுக்கு மாறியிருப்பார்.)

ஆனால் தவறானதைத் தேர்ந்துவிடுவோமோ என்ற ஆர்க்கிடெக்டின் அச்சத்தை முற்றிலும் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. 2010-இல் வந்த ஆங்குலர் ஜேஎஸ் என்னும் ஃபிரேம்வொர்க்கை, கூகுளின் ஆதரவு இருக்கிறதென்று நம்பிப் பெரிய பெரிய செயலிகளைக் கட்டியவர்கள் ஏராளம். 2016-இல் ஆங்குலரின் இரண்டாம் பதிப்பு அடியோடு வேறாக எழுதப்பட்டு வந்தபோது, பழையதைப் புதியதற்குக் கொண்டுபோவது அனேகமாக மறுபடி எழுதுவதே என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். 2021-உடன் பழையதற்குப் பராமரிப்பும் நின்றுபோயிற்று. அந்தச் சூடு கண்ட மனிதர் இரவு பகலாக யோசிப்பதில் நியாயம் உண்டு. நியாயமில்லாதது, சூடு கண்டவர் அதற்கு மாற்றாக ஆறு மாதக் குழந்தையைத் தேடிப் போவதுதான்.

மூலையில் உட்கார்ந்திருக்கும் இளம்பெண் ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்து வருஷம் திரும்பாதவள், தயங்கித் தயங்கி, "சார், ஜாங்கோவுல ஒரே ப்ராஜெக்டுக்குள்ள மூணு ஆப்பா வெச்சுக்கலாமே. யூசர், பர்மிஷன், அட்மின் பக்கம் எல்லாம் கூடவே வருது" என்பாள்.

"அது சரிம்மா, ஆனா ஸ்கேல் ஆகுமா?"

"இன்ஸ்டாகிராமே அதுலதான் சார் எழுதினாங்க."

"அவங்க கதை வேறம்மா" என்று அவர் வாத்ஸல்யத்தோடு சொல்லிவிட்டு, அடுத்த அம்புக்குறிக்குப் போவார்.

கடைசியில் வணிகர் பொறுமையிழந்து, தம்முடைய பழைய காஷியர் ஒருவரை 'என்னதான் நடக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள்' என்று அனுப்பிவைப்பார். காஷியர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பதினெட்டுச் சதுரங்களையும் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

"தம்பி, எனக்கு இதெல்லாம் புரியாது. ஒரு கடைக்காரர் கடன் வரம்பைத் தாண்டிட்டார்னு நான் என் கணக்குல நிறுத்தி வெச்சா, திருவண்ணாமலையில ஆர்டர் எடுக்கிற பையனுக்கு அது உடனே தெரியுமா? குடோன்ல வண்டியில ஏத்தறவன் நிறுத்துவானா?"

மூன்று செயலிகளும் எதற்காக ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அந்த அறைக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. மூலையிலிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஆர்க்கிடெக்ட் பேனாவுக்கு மூடி போட்டார், நெடுநேரம் யோசித்தார், மடிக்கணினியைத் தம் பக்கம் இழுத்து, எக்ஸெல் தாளின் அடியில் 'கடன் வரம்பு' என்று புதிதாக ஒரு வரிசை சேர்த்துவிட்டு, மிகுந்த பணிவோடு காஷியரிடம் கேட்டார்:

"இதுக்கு எவ்வளவு வெயிட்டேஜ் போடலாம் ஐயா?"