ஒரு நிமிடக் குருகுலம்

சதுரங்கம் கற்க நூலும் ஆசானும் பல்லாண்டுப் பயிற்சியும் வேண்டும் என்ற பழங்கொள்கையை, ஆட்டக்காரர் ஒருவருக்கு மொத்தம் ஒரு நிமிடமே வழங்கும் 'புல்லட்' எனும் இணையவழி ஆட்டமுறை வெற்றிகரமாகத் தகர்த்துள்ளது. சிந்திக்கவே நேரமின்மையால், தவறாகச் சிந்திக்கும் அபாயம் இம்முறையில் அறவே இல்லை. ராணியும் மந்திரியும் சேர்ந்து நான்கே நகர்த்தலில் ராஜாவை முடக்கும் உத்தியில் தொடர்ந்து முப்பது முறை வீழும் புதியவர், விரல் வேகத்தில் பெரும் முன்னேற்றம் காண்பதோடு, தோல்விக்குக் காரணம் இணைய இணைப்பே எனும் ஆய்வு முடிவையும் தாமாகவே எட்டிவிடுகிறார். ஆட்டம் முடிந்தபின் பிழைகளைச் சுட்டிக்காட்டும் கணினிப் பகுப்பாய்வை அவர் திறப்பதில்லை. அடுத்த ஆட்டம் காத்திருக்கையில் முந்தையதைக் கிளறுவது கல்விக்கு இடையூறு. அர்பாத் எலோ வகுத்து, 1970-இல் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்ற தரப்புள்ளி முறையின் வழிவந்த கணக்கீடுகள் சமவலிமை உடையோரையே இணைப்பதால், எதிர்முனையில் குருவாக அமர்ந்திருப்பவரும் நேற்றுச் சேர்ந்த சீடரே. இருவரும் ஒருவரையொருவர் குருவாகக் கொண்டு இரவு முழுதும் பயில்கின்றனர். எலோவின் அடிப்படைக் கணக்குப்படி, வென்றவருக்குக் கூடும் புள்ளி தோற்றவரிடம் குறைந்த புள்ளியே. விடியலில் இருவரின் கணக்கையும் கூட்டிப் பார்த்தால் தொகை மாறியிருப்பதில்லை.