தாடையும் தகப்பனும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தாடைக்கு வேலை குறைவு. ஓசூர் சிப்காட்டில் கைக்கு வேலை உண்டு, காலுக்கு வேலை உண்டு, மூன்று ஷிப்டுக்கும் ஆள் எடுக்கிறார்கள். தாடைக்கு மட்டும் வேகன்சி கிடையாது. இந்த மண்ணின் சாப்பாடு ராகி களி. சுடச்சுட உருண்டையாகத் தட்டில் வந்து உட்காரும். விரலை நனைத்துக்கொண்டு ஒரு கிள்ளு கிள்ளி, அவரைக்கொட்டைக் குழம்பில் புரட்டித் தொண்டையருகே வைத்தால் அதுவே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பல்லில் படக் கூடாது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நான் மாமனார் வீட்டு விருந்தில் அதைப் பழக்கதோஷத்தில் மென்றேன். மொத்தமும் மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. பேச்சு வரவில்லை. தேன்கனிக்கோட்டைக்காரரான மாமனார், “மாப்பிள்ளை, களியைக் கடிக்காதீங்க, முழுங்குங்க” என்றார். எனக்குப் பேச்சு வராமல் போனதில் அவருக்கு உள்ளூரத் திருப்தி என்றே இன்றும் நினைக்கிறேன்.

மாம்பழத்தின் கதியும் அதுதான். பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய் பழுத்ததும் நேராகக் கூழ் ஃபேக்டரிக்குப் போய், டின்னில் அடைபட்டுக் கப்பல் ஏறுகிறது. மெல்லும் சிரமத்தை உலகத்துக்கே மிச்சப்படுத்தும் மாவட்டம் எங்களுடையது.

இப்படிப்பட்ட ஊரில் பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் தாடை வளர்க்கக் கிளம்பினான். “தண்ணி கேன் வந்துச்சாடா?” என்று கேட்டால் பதில் இல்லை. ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தான். பிறகு அதே விரலால் காதடியிலிருந்து மோவாய் வரை ஒரு கோடு இழுத்துக் காட்டினான். வேண்டுதல் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். மகள்தான் விளக்கினாள்: “அண்ணன் மியூயிங் பண்றான்ப்பா. நாக்கு மேல ஒட்டியிருக்கு, பேச முடியாது.” பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார் கேள்வி கேட்டபோதும் இதே கோடுதான் கிடைத்ததாம். மார்க்கைப் பார்த்தால் பரீட்சைத் தாளிலும் அதையேதான் இழுத்திருப்பான் போலிருக்கிறது.

மியூயிங் என்பது பிரிட்டனைச் சேர்ந்த பல் டாக்டர் ஜான் மியூவின் பெயரால் வந்தது. உதட்டை மூடு, மூக்கால் மூச்சு விடு, நாக்கு முழுவதையும் மேலண்ணத்தில் ஒட்டிவை, தாடை ஒழுங்காக வளரும் என்பது அவர் சித்தாந்தம். மகன் மைக் மியூ அதைப் பிடித்துக்கொண்டு யூடியூபில் பிரபலமாக்கினார். 2024-இல் பிரிட்டனின் பல் மருத்துவக் கவுன்சில் மைக்கின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிட்டது. தகப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளைக்கு வந்த வினை. என் வீட்டில் அந்த ஆபத்து இல்லை.

மகனை மடக்கலாம் என்று நானும் படிக்க உட்கார்ந்தேன். படித்ததில் பாதி அவன் கட்சிக்குப் போய்விட்டது. மூக்கால் மூச்சு விடும் குழந்தைக்கு நாக்கு தானாகவே மேலண்ணத்தில் படுத்திருக்கும். வளரும் வயதில் மேல்தாடையை அது உள்ளிருந்து தாங்க, கன்னத் தசை வெளியிலிருந்து அழுத்த, இரண்டும் சமாதானமாகப் போகின்றன. அடினாய்டு வீங்கியோ அலர்ஜியாலோ மூக்கடைத்த குழந்தை வாயைத் திறக்கிறது. நாக்கு கீழே இறங்கிவிட, எதிர்ப்பார் இல்லாமல் கன்னம் ஜெயிக்கிறது. அண்ணம் குறுகிக் கோபுரமாக உயர்கிறது, பற்கள் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, முகம் நீள்கிறது. எகில் ஹார்வோல்டு என்ற ஆய்வாளர் குரங்குகளின் மூக்கை சிலிக்கோனால் அடைத்துப் பார்த்து 1981-இல் முடிவுகளை எழுதினார். வாயால் மூச்சு விடப் பழகிய குரங்குகளின் தாடை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொண்டதாம். பரம்பரைக்கும் இதில் பெரிய பங்குண்டு என்கிறார்கள். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. யார் பரம்பரை என்ற பேச்சு வரும்.

மூச்சைப் போலவே மெல்வதும் தாடைக்கு முக்கியம் என்பதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் கொருச்சினி, இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து வட இந்தியக் கிராமத்து இளைஞர்களையும் நகரத்து இளைஞர்களையும் ஒப்பிட்டு 1983-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். முரட்டுத் தீனி தின்ற கிராமத்துப் பிள்ளைகளின் பல்வரிசைதான் நன்றாகப் பொருந்தியிருந்தது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம்மவர்கள் சொன்னதற்கு யாரும் ஆய்வு கேட்கவில்லை. ஆனால் என் மகனை நாங்கள் வளர்த்த விதம்? சாதத்தை மிக்ஸியில் ஒரு சுற்று, ஆப்பிளை ஆவியில் ஒரு வேக்காடு. பிஸ்கட்டைக்கூட டீயில் குளிப்பாட்டித்தான் வாயில் வைத்தோம்.

ஞானம் வந்தால் சும்மா இருக்க முடியுமா? ஒரு கவளத்தை 32 முறை மெல்வது என்று கம்பெனி கேன்டீனில் தொடங்கினேன். தயிர்சாதத்தை 32 முறை மென்று பாருங்கள். எட்டாவது மெல்லிலேயே வாய்க்குள் ஒன்றுமிருக்காது, மிச்சமெல்லாம் மரியாதைக்கு. நான் சாம்பாரைத் தாண்டுவதற்குள் சைரன் ஊதிவிடும். எதிரில் உட்காரும் கன்னடத்துப் பையன் இரண்டு முத்தேயை, அதாவது அவர்கள் ஊர்க் களி உருண்டையை, விழுங்கிக் கை கழுவிவிட்டு, அனுதாபத்தோடு என்னைப் பார்ப்பான். அவன் தாடை பாறையில் செதுக்கியதாக இருக்கும்.

அடுத்தது தூக்கம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் காட்லின், பழங்குடித் தாய்மார்கள் தூங்கும் குழந்தையின் உதட்டை மெல்ல மூடிவிடுவதைப் பார்த்து வியந்து, ‘வாயை மூடு, உயிரைக் காப்பாற்றிக்கொள்’ என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு புத்தகமே போட்டார். இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். “முதல் பாதியை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்றேன். யாராவது புத்தகம் போட்டாங்களா?” என்றாள்.

வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்குவது இப்போது உலக வழக்கம் என்று மகன் போனில் காட்டினான். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழியில் இங்கே மூக்கு தானாகவே அடைத்துக்கொள்ளும். அந்த மூக்கை நம்பி வாயையும் அடைத்துக்கொண்டு படுத்த மகானுபாவன் நான். விடிவதற்குள் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்த நேரம், வாசலில் பால்காரர் பெல் அடித்தார். அப்படியே போய்க் கதவைத் திறந்தேன். அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு, “ஏமாயிந்தி சார்?” என்று தெலுங்கில் கேட்டு, எனக்குப் பின்னால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். என் மனைவியைப் பற்றி அவருக்கு அன்றிலிருந்து தனி மரியாதை. பிளாஸ்திரியை உரித்தபோது மீசையில் கணிசமான பகுதி அதனோடு போயிற்று.

குறட்டையையும் சேர்த்துக் காட்டலாம் என்று போனபோது காது மூக்கு தொண்டை டாக்டர் என்னை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார். இத்தனை நாளில் வாயைத் திறக்கச் சொன்ன முதல் மனிதர். “உங்க வயசுல குறட்டைக்குக் காரணம் தாடை மட்டும் இல்லை சார், கழுத்துல இருக்கிற கொழுப்பு. எடையைக் குறைங்க. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதான்னு ஒரு டெஸ்ட் எடுத்துடலாம். மூக்கு அடைச்சிருக்கிறப்போ வாயை ஒட்டாதீங்க.” தாடை? முற்றிய எலும்பை நாக்கால் முட்டித் திருத்தலாம் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது என்று முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். அவன் அதற்குள் தாடையைக் கைவிட்டு உயரத்துக்குத் தாவியிருந்தான். மாடிப்படிக் கம்பியில் தொங்கிக்கொண்டே, “சரிப்பா” என்றான். வாய் திறந்து பேசியதே பெரிய விஷயம்.

எங்கள் இருவரையும் விட்டுவிடுங்கள், காலம் கடந்த கேஸ். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ராத்திரி ஒருமுறை எழுந்து பாருங்கள். வாயைத் திறந்தபடி தினமும் குறட்டை விட்டுத் தூங்கினால், ‘அப்பனை உரிச்சு வச்சிருக்கு’ என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருக்காமல், அடினாய்டா அலர்ஜியா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பல் முளைத்த பிள்ளைக்குக் கடிக்கிற தீனியை வயதுக்கேற்றபடி கொடுங்கள். வேர்க்கடலையை மட்டும் முழுசாகக் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது மூச்சுக்குழாயில் போய் மாட்டிக்கொள்ளக்கூடும்.