தோசைக்கல்லும் 1.31 டாலரும்

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி எம்ஆர்பி பார்த்து, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்றிருப்பதையும் படித்துவிட்டு, காசை எண்ணி வைக்கிற ஊர்க்காரன் நான். அப்படிப்பட்டவனை நியூ ஜெர்சி எடிசன் பக்கம் ஒரு கடைக்குள் விட்டார்கள். தோசைக்கல்லில் ஒட்டியிருந்த விலை 19.99 டாலர். இருபது டாலர் நோட்டை வைத்துவிட்டு, மீதி ஒரு சென்ட்டுக்கு நான் கையை நீட்டிக்கொண்டிருக்க, கவுன்டர் பெண் சிரித்தபடி 21.31 என்றாள்.

“சேல்ஸ் டாக்ஸ் மாமா, 6.625 பர்சென்ட்” என்று மாப்பிள்ளை கார்டைத் தேய்த்தார்.

“அந்தக் கடைசி 5 யாருக்கு மாப்பிள்ளை?”

காரில் ஏறியதும் விளக்கினார். இங்கே மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. கலிஃபோர்னியா போன்ற இடங்களில் கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி, ஊருக்கு ஊர் வேறு. பக்கத்திலிருக்கும் டெலவேரில் விற்பனை வரியே கிடையாது. பெரிய கடைகள் நாடு முழுக்க ஒரே விலையை விளம்பரம் செய்வதால் வரியைச் சேர்த்துப் போட முடியாதாம். விளம்பரம் சரி. கடை என்ன, காலில் சக்கரம் கட்டிக்கொண்டா திரிகிறது? எடிசனில் நிற்கிற கடைக்கு எடிசன் வரி தெரியாதா?

வரி எல்லாவற்றுக்கும் உண்டென்றாலாவது மனக்கணக்குப் போடலாம். நியூ ஜெர்சியில் புடவைக்கு வரி இல்லை, கைப்பைக்கு உண்டு. டாய்லெட் பேப்பருக்கு இல்லை. அந்த மட்டில் ஈவு இரக்கமுள்ள அரசாங்கம். மிட்டாய்க்கு உண்டு. ஆனால் மாவு கலந்திருந்தால் சட்டப்படி அது மிட்டாயே அல்ல. ஆகவே வெறும் சாக்லேட்டுக்கு வரி, உள்ளே வேஃபர் வைத்த கிட்கேட்டுக்கு வரி இல்லை. டிராலி தள்ளுகிறவர் ஆடிட்டராக இருந்தாலொழிய, பில் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது.

இதே நாட்டில் பெட்ரோல் பங்க் பலகையில் மட்டும் எல்லா வரியும் சேர்த்துத்தான் விலை போடுகிறார்கள், ஒரு சென்ட்டில் பத்தில் ஒன்பது பங்குவரை சுத்தமாக! விமான டிக்கெட்டுக்கும் 2012 முதல் வரி சேர்த்த முழுக் கட்டணத்தைத்தான் விளம்பரத்தில் காட்ட வேண்டும். வானத்தில் பறக்கிறதற்கு முடிகிறது, அலமாரியில் சும்மா கிடக்கிற தோசைக்கல்லுக்கு முடியாதா?

“தனியா காட்டினாத்தான் மாமா, கவர்ன்மென்ட் எவ்வளவு எடுக்குதுன்னு ஜனங்களுக்குத் தெரியும்.”

“தாராளமா தெரியட்டும். பில்லில் கொட்டை எழுத்தில் போடட்டும். சீட்டில் மொத்தத்தைப் போட்டால் யார் குடி முழுகிவிடும்?”

மாப்பிள்ளை பொறுமைசாலி. சிக்னலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

“நம்ம ஊர் ஹோட்டல்ல மட்டும் மெனு கார்டுல இருக்கிற விலையா பில்லுல வருது? சிஜிஎஸ்டி இரண்டரை, எஸ்ஜிஎஸ்டி இரண்டரைன்னு கடைசியிலதானே சேர்க்கிறாங்க? அதெல்லாம் விடுங்க. போன தடவை நான் வந்தப்போ நகைக்கடைக்குப் போனோமே. பவுன் விலை ஒண்ணு சொன்னான். அப்புறம் செய்கூலி, சேதாரம், எல்லாத்துக்கும் மேல 3 பர்சென்ட் ஜிஎஸ்டி. ஒரு வார்த்தை பேசாம அந்த வளையலை வாங்கிட்டுத்தானே வந்தீங்க?”

முன் சீட்டிலிருந்து மகள் திரும்பினாள்.

“எந்த வளையல்ப்பா? அம்மா சொல்லவே இல்லையே!”