மகன் கூட்டிவரும் வக்கீல்

கேள்வி: உயில் எழுத நம்பகமான வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது? "நானே ஒருவரைக் கூட்டிவருகிறேன்" என்கிறான் மூத்த மகன்.

பதில்: மகனுக்கு நன்றி சொல்லிவிட்டு, நீங்களே தேடுங்கள். பெரும்பங்கு பெறுகிறவரே உயில் தயாரிப்பில் முன்னின்றால் சந்தேகத்துக்கு இடமாகும் என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லிவிட்டது. நல்ல வக்கீல் மகனை வெளியே உட்காரவைத்துவிட்டு உங்களிடம் தனியாகப் பேசுவார். வீட்டின் மதிப்பைக் கேட்பதற்கு முன், பிள்ளைகளில் யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்று கேட்பார். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. 'பத்திரச் செலவு' என்று பணம் கேட்கிறவரிடமிருந்து காபியோடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிடுங்கள். இரண்டு சாட்சிகள் மட்டும் கட்டாயம். அவர்கள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். வழக்கு வந்தால் கோர்ட்டுக்கு அவர்கள்தானே போக வேண்டும், உங்களால் முடியாது!